நாற்பது போட்டுக்குக் கேட்ட பேச்சு

உமாமகேஸ்வரிக்கு வெள்ளிக்கிழமை என்றால் பாம்பன். ராமநாதபுரத்தில் காலை எட்டரைக்குப் பஸ் ஏறினால் பத்து மணிக்குள் பாலத்தைத் தாண்டி இறங்கிவிடுவாள். மாதா கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில் அவளுக்கென்று ஒரு அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி. அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் 'குடும்ப நல ஆலோசனை மையம்' என்று பலகை எழுதிக் கொடுத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் சண்டை டாக்டர் ரூம் என்றார்கள். வெள்ளிக்கிழமையை அவள் தேர்ந்தெடுத்ததற்குப் பக்தி காரணமில்லை. அன்றைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. புருஷன்மார்கள் கரையில் அகப்படுவார்கள்.

பதினேழு வருட அனுபவம் அவளுக்கு. மதுரையில் படித்த படிப்பு. மேசைமேல் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். அழ வருகிறவர்களுக்கு நீட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பாம்பன் பெண்களோ அழுகைக்குச் சேலைத் தலைப்பே போதும் என்று நினைக்கிறவர்கள். கூட வரும் பிள்ளைகள்தான் டிஷ்யூவை உருவி உருவிப் பூ செய்தார்கள்.

ஊரில் நூறு வீட்டுச் சண்டையைத் தீர்த்தவள் வீட்டில் எப்படி என்று கேட்கத் தோன்றும். அவள் கணவர் தங்கப்பாண்டி சாயல்குடிப் பக்கத்துக்காரர், மின்வாரியத்தில் போர்மேன். இருபத்திரண்டு வருடத்தில் மனைவியின் குரல் எந்த இடத்தில் மெதுவாகிறது என்று நன்றாகப் படித்துவைத்திருந்தார். "நீங்க அப்படிச் சொல்றப்ப என் மனசுல என்ன தோணுதுன்னா" என்று அவள் ஆரம்பித்தால், ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது ஆபீஸ் பேச்சா, வீட்டுப் பேச்சா?" என்று மரியாதையாகக் கேட்பார். வீட்டுப் பேச்சுதான் என்று அவள் சொன்னால் தைரியமாக ரிமோட்டை மறுபடி எடுத்துக்கொள்வார்.

ஆஸ்லின் முதன்முதலாக வந்தது மீன்பிடித் தடைக்காலம் முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. முப்பத்தெட்டு வயது, யேசுதாஸ் என்பவருடைய மீன் கம்பெனியில் நண்டு உடைத்துச் சதை எடுக்கிற வேலை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். கணவர் ஆன்டனி ராஜ் விசைப்படகு டிரைவர். உட்கார்ந்ததும் குறையை வரிசையாகச் சொன்னாள்.

"குடிக்கமாட்டாரு மேடம். கை நீட்டமாட்டாரு. கெட்ட பேச்சு கெடையாது. நல்ல பேச்சும் கெடையாது. பேச்சே கெடையாது."

தடைக்காலம் அறுபத்தோரு நாளும் மனிதர் வீட்டிலேயே இருந்தாராம். கடைசி வாரத்தில் ஆஸ்லின் பொறுமை இழந்து எண்ண ஆரம்பித்திருக்கிறாள். ஏழு நாளில் நாற்பத்து மூன்று வார்த்தை. அதில் பதினெட்டு பக்கத்து வீட்டு நாய்க்குப் போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆன்டனி ராஜும் வந்தார். ஆள் வாட்டசாட்டம். அந்த உடம்பை நாற்காலியின் ஓரத்தில் எப்படியோ நிறுத்தி உட்கார்ந்திருந்தார். உமாமகேஸ்வரி என்ன கேட்டாலும் ஆமா, இல்ல, பாப்போம் என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் அவள்தான் களைத்துப்போனாள். கடைசியில் மேசை டிராயரிலிருந்து தன் பிரசித்தி பெற்ற தாளை எடுத்துக் கொடுத்தாள். 'நாளுக்கொரு நல்ல வார்த்தை' என்று அதற்குத் தலைப்பு. மனைவியிடமோ கணவனிடமோ பிடித்த ஒன்றைத் தினமும் ஒரு தடவை, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். முப்பது நாளைக்கு முப்பது கட்டம். சொன்னதும் டிக் போட வேண்டும்.

ஆன்டனி ராஜ் தாளை ரொம்ப நேரம் படித்தார். பிறகு, அன்றைய தினத்தின் நீளமான வாக்கியத்தைச் சொன்னார். "மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணுமா மேடம்?"

அவளுக்கு இரக்கம் வந்தது. ஆரம்பத்தில் அப்படி வேண்டியதில்லை, தூரத்திலிருந்து சொன்னாலும் போதும், போனில் கூடச் சொல்லலாம் என்று தாராளமாகச் சலுகை கொடுத்தாள். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னல் இருக்காது என்பதை அவள் யோசிக்கவில்லை. அதற்கப்புறம் படகுக்குப் படகும், கரையில் மீன் கம்பெனிகளோடும் பேசிக்கொள்ள வயர்லெஸ் செட் ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு யேசுதாஸ் கம்பெனியின் அலமாரிமேல் இருந்த செட் கரகரத்தது.

"யேசுதாஸ் அண்ணே, ஆஸ்லின் அங்கன நிக்கிதா? நேத்து வச்ச நண்டுக் கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிருங்க. ஓவர்."

அது எல்லாப் படகுகளும் பேசிக்கொள்கிற சேனல். அன்றைக்குக் கடலில் நாற்பது போட்டுகள் இருந்தன. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஏதோ ஒரு போட்டிலிருந்து, எங்களுக்கு எங்க கொழம்பு என்று கேட்டார்கள். இன்னொரு போட்டிலிருந்து, மிளகு போட்டு வச்சதா, தேங்கா அரச்சு வச்சதா என்று விவரம் விசாரித்தார்கள். ஷெட்டில் இருந்த பதினான்கு பெண்களும் கையில் இருந்த நண்டைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்லினைப் பார்த்தார்கள். அவள் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை மறுபடி. இந்தத் தடவை, மாதா திருவிழாவுக்கு எடுத்த பச்சைச் சேலை அவளுக்கு எடுப்பாக இருக்கிறதாம். ஓவர்.

அந்த வெள்ளிக்கிழமை உமாமகேஸ்வரி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது அறை வாசலில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். ஒருத்திக்கும் புருஷனோடு சண்டை இல்லை. ஆன்டனி ராஜுக்குக் கொடுத்த தாளை எங்க வீட்டுக்காரருக்கும் கொடுங்க என்பதுதான் கோரிக்கை. ஆஸ்லினின் மாமியார் யாகப்பம்மாளும் வந்திருந்தாள். மகன் பிறந்தபோதே தேவைக்குமேல் அழாத பிள்ளை, அவனையே பேச வைத்த கை எது என்று பார்த்துவிட்டுப் போக வந்தாளாம். உமாமகேஸ்வரி அடக்கமாகச் சிரித்துக்கொண்டாள். உள்ளே மனசு, அடுத்த மாதம் மதுரையில் நடக்கும் ஆலோசகர்கள் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்லலாம் என்று வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் போனபிறகு ஆஸ்லின் வந்தாள். கதவைச் சாத்தினாள். முகம் இறுகியிருந்தது.

ஊர் முன்னால் கேலிக்கு ஆளாகிவிட்டாள், அதுதான் கோபம் என்று உமாமகேஸ்வரி புரிந்துகொண்டாள். வெட்கம் என்பது என்ன, அன்பை நாலு பேர் கேட்கும்போது மனசு ஏன் சுருங்குகிறது என்று நிதானமாக விளக்கினாள். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். ஆஸ்லின் குறுக்கிடாமல் முடிகிறவரை காத்திருந்தாள்.

"அது இல்ல மேடம்."

மற்ற நாளில் யேசுதாஸ் செட்டைத் தன் காதளவுக்குத்தான் வைப்பார், இவள் பேர் வந்தபிறகுதான் சத்தம் கூட்டினார். புதன்கிழமை பச்சைச் சேலைக்குப் பிறகு அவள் செட்டைவிட்டு நகரவில்லை. இன்னும் ஏதாவது உளறினால் உடனே அமர்த்திவிடலாம் என்று நண்டுக் கூடையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆன்டனி ராஜ் பேசினார். நிறுத்தவே இல்லை. யாரோ ஒரு கோயில்பிள்ளை மணியடிக்கப் போய்த் தூங்கிய கதை, வலையில் ஆமை வந்த அன்றைக்கு இன்னொரு டிரைவர் போட்ட கூச்சலை அப்படியே அவர் குரலில் செய்து காட்டியது, நடுவில் ஒரு பாட்டு. போட்டு போட்டாகக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மூன்று மணி வரைக்கும் அவள் கேட்டாள். யேசுதாஸிடம் இது என்ன என்று விசாரித்ததற்கு அவர் ஆச்சரியப்பட்டார். "ஒனக்குத் தெரியாதாம்மா? கடல்ல அவனுக்கு வானொலின்னுல்ல பேரு."

"பதினெட்டு வருசம் மேடம்," என்றாள் ஆஸ்லின். "அம்புட்டுப் பேச்சும் அந்த மனுசன்கிட்ட இருக்கு. நாப்பது போட்டுக்கும் எறச்சிட்டு, வீட்டுக்கு வாரப்ப காலி டப்பாவா வாராரு."

இப்போது அவள் அழுதாள். உமாமகேஸ்வரி டிஷ்யூ பெட்டியை நீட்டவில்லை. இதற்கு அவளிடம் தாளும் இல்லை. குடியால் பேச்சு போனவர்களைப் பார்த்திருக்கிறாள். வெளியூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு வாய் செத்துப்போனவர்களையும் பார்த்திருக்கிறாள். இன்னொரு குடும்பமாக ஒரு வயர்லெஸ் சேனலை வைத்திருந்தவரை இப்போதுதான் பார்க்கிறாள். பேசாத மனிதனோடு ஒருத்தி வாழ்ந்துவிடலாம். அது அவன் சுபாவம் என்று விட்டுவிடலாம். தன்னிடம் மட்டும் பேசாத மனிதன் என்று தெரிந்தபிறகு எப்படி விடுவது? மதுரைக் கூட்டத்துக்குக் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

வாடிக்கையாளர் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போவதில்லை என்று அவளுக்கு ஒரு விதி உண்டு. மறுநாள் சனிக்கிழமை அதை மீறினாள். விதியை மீறுவதற்குத் துணையாகக் கணவரையும் அழைத்துக்கொண்டாள். தங்கப்பாண்டி என்ன ஏது என்று கேட்கவில்லை. பாம்பன் என்றதும் மீன் பையை எடுத்துக் காரில் போட்டுக்கொண்டார்.

யேசுதாஸ் கம்பெனி என்பது தகரக் கூரை போட்ட நீள ஷெட். தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர். அவர்கள் போனபோது மதியம் ஒரு மணி இருக்கும். ஆஸ்லின் செட்டுக்குக் கீழே நண்டுக் கூடையோடு இருந்தாள். ஒருத்தி உமாமகேஸ்வரிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தங்கப்பாண்டி ஒரு பெரிய விளமீனைப் பேரம் பேசி வாங்கிப் பையில் போட்டுவிட்டு, போகலாமா என்று கேட்க உள்ளே வந்தவர், செட்டில் வந்த பேச்சில் அப்படியே நின்று, பிறகு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் குரலை உமாமகேஸ்வரிக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் அறையில் ஆமா, இல்ல சொன்ன குரல் தொண்டையிலேயே நின்றது. இது ஏறி இறங்கி, நிறுத்தி, ஆளைக் காக்க வைத்துப் பேசியது. வேளாங்கண்ணிக்குப் போன கதை ஓடிக்கொண்டிருந்தது. நாலு வருடம் முன்னால் கொடியேற்றத்துக்குப் போனபோது கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டாராம்.

"தேடுறேன், தேடுறேன். மைக்குல பேரு சொல்லச் சொல்லலாமுன்னு போனா, அங்கன எனக்கு முன்னால அறுவது புருசன் நிக்கிறான். மாதாவே, மெழுகுவத்தி எம்புட்டு ஒசரம் கேட்டாலும் வைக்கிறேன், ஆளக் காட்டிருன்னேன். திரும்பிப் பாத்தா, ஒரு கடையில நின்னு ஐஸ்கிரீம் சாப்புட்டுக்கிட்டிருக்கா."

நாற்பது போட்டும் சிரித்தது. ஆன்டனி ராஜ் சிரிப்பு அடங்கட்டும் என்று விட்டார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"நல்லா சந்தோசமா நின்னா, அதப் போயிக் கெடுப்பானேன்னு ஒரு தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். சாப்புட்டு முடிக்கிறவரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்."

"அப்பறம் போயி என்னண்ணே சொன்னீய?" என்றது ஒரு போட்டு.

"பஸ்சு போயிரும், வான்னேன்."

ஷெட்டே அதிர்ந்தது. தங்கப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து உமாமகேஸ்வரியின் காதில் சொன்னாள். அன்றைக்கு அவள் ஒரு மணி நேரம் தனியாகத் திரிந்தாள். பயத்தில் நாக்கு வறண்டுதான் அந்தக் கடைக்குப் போனாள். அவர் வந்து பஸ்ஸைப் பற்றிச் சொன்னதும், ஆள் தொலைந்ததுகூட இந்த மனுசனுக்குத் தெரியவில்லை என்று நினைத்து ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தாள்.

சொல்லிவிட்டு எழுந்தாள். நண்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். யேசுதாஸ் தடுப்பதற்குக் கையை எடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து, எடுத்த கையால் தலையைச் சொறிந்துகொண்டார். ஆஸ்லின் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"ஐஸ்கிரீம் இல்ல. ரோஸ்மில்க்கு."

அவளுக்கு ஓவர் சொல்லத் தெரியவில்லை. யேசுதாஸ் எட்டி அவளுக்குப் பதிலாக, ஓவர் என்றார்.

கடல் முழுக்க மூச்சு நின்றதுபோல் ஆனது. ஆலோசகர் என்பவர் மௌனத்துக்குப் பயப்படக் கூடாது, பதினைந்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது என்று உமாமகேஸ்வரி படித்திருக்கிறாள். இருபது எண்ணினாள், முப்பது எண்ணினாள். ஆன்டனி ராஜ் இப்போது என்ன நினைக்கிறார் என்று தானே மைக்கில் நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் என்ன என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. எழப் போனவளின் முழங்கையைத் தங்கப்பாண்டி பிடித்தார். சும்மா இரு என்று கண்ணால் சொன்னார். அந்தத் தொழிலில் ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாத மனிதர்.

செட் கரகரத்தது.

"ரோஸ்மில்க்குதான்." கொஞ்சம் பொறுத்து, "நீ எப்ப வந்த?"

"பன்னெண்டுக்கே இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"இல்ல."

மறுபடி இரைச்சல். அதற்குள் இன்னொரு குரல், கூச்சத்தோடு நுழைந்தது. "அண்ணே, நாங்க வேணா வேற சேனலுக்குப் போயிறவா?"

பதிலுக்கு அந்தக் குரல் காத்திருக்கவில்லை. நாங்க போறோம், ஓவர் என்றது. பின்னாலேயே இன்னொரு போட்டு. அப்புறம் இன்னொன்று. பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு போட்டாக விலகிப் போனார்கள். கோயிலில் பூசை முடிந்து ஆண்கள் பக்கம் கலைவதுபோல் இருந்தது.

கரையில் அந்த நாகரிகம் கிடையாது. ஷெட்டில் பதினான்கு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தொழில் தர்மப்படி தான் முதலில் வெளியே போக வேண்டும் என்று உமாமகேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்தும் கால் வரவில்லை. தங்கப்பாண்டிதான் எழுந்து பையைத் தூக்கினார்.

"வா, மீனு கெட்டுரும்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படி ஒரு நேரத்தில் மீனா என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். பஸ்சு போயிரும் என்பது காதில் இன்னும் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கி, மூக்கு நுனி சிவந்திருந்தது. அந்த மூஞ்சியை யாரும் பார்க்காமல் காருக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் மனிதருடைய அவசரம். பேசாமல் பின்னால் நடந்தாள். கார் பாலம் ஏறி இறங்கி, மண்டபம் ஊரைத் தாண்டுகிறவரை அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இது ஒரு சாதனை.

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். இந்தத் தடவை உமாமகேஸ்வரி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கடலில் வருகிற பேச்சு வீட்டில் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். ஆன்டனி ராஜ் சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னார். கல்யாணமான வருடம் கிறிஸ்துமஸுக்குத் தங்கச்சிமடத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது ஒரு கதை சொன்னார். பாதியிலேயே மச்சான்மார்கள் சிரித்தார்கள். கதைக்குச் சிரிக்கவில்லை, அவர் கையை ஆட்டிப் பேசுகிற தினுசுக்குச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஆஸ்லினும் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எதிரில் ஒரு முகம் இருந்தால் நாக்கு எழும்பாது. செட்டுக்கு முகம் கிடையாது.

ஆஸ்லினுக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அன்றைய கறிச்சோறு நினைவிருந்தது, அண்ணன் வாங்கி வந்த நட்சத்திர விளக்கு நினைவிருந்தது, இது இல்லை. இருபது வயதில் கூட இருந்தவர்களோடு சேர்ந்து சிரித்த ஒரு சிரிப்பு. அது ஒரு மனிதனுக்குள் போய் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது? மன்னிப்பு கேட்பாள் என்று உமாமகேஸ்வரி எதிர்பார்த்தாள். ஆஸ்லின் கேட்டது வேறு.

"அது என்ன கத?"

ஆன்டனி ராஜ் வாயைத் திறந்தார், மூடினார். ஆஸ்லின் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "இப்பச் சொல்லுங்க."

அப்போதும் பேச்சு வரவில்லை. என்ன தடை என்று உமாமகேஸ்வரி யோசித்தாள். சட்டென்று புரிந்தது. அறையில் இன்னும் ஒரு முகம் மிச்சம் இருந்தது, அது அவளுடையது. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பதினேழு வருடத்தில் ஆலோசகரை வெளியே அனுப்பி நடந்த முதல் ஆலோசனை அது. வராந்தாவில் நின்றாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தக் குரல், செட்டில் கேட்ட அதே குரல், மெல்ல ஏறியது. என்ன கதை என்று வார்த்தை பிடிபடவில்லை. ஓரிடத்தில் ஆஸ்லின் பலமாகச் சிரித்துவிட்டாள். குரல் நின்றது. உமாமகேஸ்வரி கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். உள்ளே ஆஸ்லின் ஏதோ கேட்டாள், அப்பறம் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். குரல் மறுபடி தொடங்கியது.

அதன்பிறகு அவர்கள் வருவது குறைந்தது. ஆஸ்லின் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்த்துச் செய்தி சொல்வாள். அவள் அடுப்பைப் பார்த்து நிற்க, அவர் வாசலைப் பார்த்து வலை முடிந்துகொண்டே பேசுகிறாராம். தவக்காலத்துக்குள் பக்கவாட்டில் திரும்பி உட்காரலாம் என்று இருக்கிறாளாம். டிக் போடும் தாள் என்ன ஆனது என்று உமாமகேஸ்வரி கேட்டதற்கு, அதில் கருவாடு மடித்ததாக மறைக்காமல் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் மூன்று ஆண்கள் வந்து நின்றார்கள். மனைவிமார்கள் கூட வரவில்லை. மூவரும் போட்டு டிரைவர்கள். அவர்களில் மூத்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், ஒங்க மேல ஒரு குற எங்களுக்கு. வானொலி இப்பல்லாம் கடல்ல பேசமாட்டேங்கிறாரு. என்னன்னு கேட்டா, இத மொதல்ல வீட்டுல சொல்லணுமுன்னுறாரு. எங்களுக்குப் பொழுது போகமாட்டேங்கிது."

உமாமகேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். யேசுதாஸ் கம்பெனிக்கு ஆளனுப்பி ஆஸ்லினை வரவழைத்தாள். வழக்கு என்னவென்று கேட்ட ஆஸ்லின், இடுப்பில் கைவைத்து மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். அவள் கேட்டு முடித்த கதைகளை அவர் கடலில் சொல்லிக்கொள்ளலாம். புதுசு எதுவும் வீட்டுக்கு வராமல் வெளியே போகக் கூடாது.

டிரைவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தாடையைத் தடவினார்.

"பழசுன்னாலும் பரவால்லம்மா," என்றார். "கொஞ்சம் வெரசாக் கேட்டு முடி."